வேலையில் பட்ட காயமும் வேலையால் வந்த நோயும்: சென்னைத் தொழிலாளர்களுக்கான சான்றுவழிச் சிகிச்சை வழிகாட்டி

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் உலோகத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புகள், மணலியின் ரசாயன ஆலைகள், ஒரகடத்தின் வாகனத் தொழிற்சாலைகள், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தியாகராய நகர் ஜவுளிக்கடைகள், பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி அலுவலகங்கள் என்று சென்னையில் உழைக்கும் இடங்கள் எத்தனை வகையோ, உழைப்பால் உடலுக்கு வரும் கேடும் அத்தனை வகை. ஆனாலும் அடிபட்டவர் மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வேலையைக் கேட்காமல் எழுதும் மருந்துச்சீட்டு பாதிச் சிகிச்சைதான். எந்த மருந்து, எந்த அறுவை என்பதைப் போலவே, குணமாகும் காலத்தில் எந்த வேலையைச் செய்யலாம், எதை விடவேண்டும் என்பதும் மருத்துவ முடிவுதான். இந்த இரண்டு முடிவுகளையும் ஆய்வுச் சான்றுகளின் அடிப்படையில் எடுப்பது எப்படி என்பதைத் தொழிலாளர்களும், குடும்பத்தினரும், ஷிப்ட் சூப்பர்வைசர்களும் தெரிந்துகொள்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இது மருத்துவரின் இடத்தை நிரப்பாது. மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்பதைக் கற்றுத்தரும்.

சான்று என்பது எது

ஒரு மருத்துவர் முப்பது ஆண்டுகளாக ஒரு சிகிச்சையைக் கொடுத்துவருகிறார் என்பது அனுபவம். ஒரே வகை நோயாளிகளை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்தச் சிகிச்சையும் மற்றொன்றுக்கு வேறொன்றும் கொடுத்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது சான்று. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, தரம் பிரித்து, பரிந்துரைகளாக எழுதும் அமைப்புகள் உலகில் பல உண்டு. அமெரிக்கத் தொழில்சார் மற்றும் சுற்றுச்சூழல் மருத்துவக் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு வெளியிடும் நெறிமுறைகளைக் கலிஃபோர்னியா மாநிலம் தொழிலாளர் சிகிச்சைக்கான அதிகாரபூர்வ நெறியாகவே ஏற்றிருக்கிறது. அந்த நெறிமுறைகளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் சான்று வலுவானதா, மிதமானதா, போதாததா என்று தரக்குறி இடப்பட்டிருக்கும். ஆகவே நோயாளி மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி எளிமையானது: "இந்தச் சிகிச்சை எடுத்தால் எனக்கு என்ன பயன், எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

முதற்படி: விபத்து நடந்த இடத்திலேயே செய்யவேண்டியவை

தொழிற்சாலை விபத்துகளில் இழப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் சில நிமிடங்கள். அவற்றில் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. பக்கத்து மெஷினில் நிற்பவர்தான் இருக்கிறார்.

ரத்தம் பெருக்கெடுத்தால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் நேராக வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். நனைந்த துணியை எடுத்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தவேண்டும். அழுத்தத்துக்கும் அடங்காமல் கை, கால்களிலிருந்து ரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி அனுப்பவேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், பட்டறைக் கிரீஸ் எதையும் காயத்தில் அப்பக்கூடாது. அவை ரத்தத்தை நிறுத்துவதில்லை, பின்னால் காயத்தைக் கழுவும் மருத்துவரின் வேலையைத்தான் கடினமாக்குகின்றன.

விரல் துண்டாகிவிட்டால் செய்யும் முறையை ஒவ்வொரு பிரஸ் ஷாப்பின் சுவரிலும் எழுதி ஒட்டவேண்டும் என்பது என் விருப்பம். துண்டான விரலை உப்புநீரில், அதாவது மருத்துவமனைச் சலைனில், நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றவேண்டும். அதைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டவேண்டும். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருள்ள இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்கவேண்டும். பதற்றத்தில் பலர் விரலை நேராக ஐஸ் கட்டிகளுக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்போது திசு உறைந்து, ஒட்டவைக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. விரலில் தசை இல்லை என்பதால் முறையாகக் குளிரூட்டினால் பல மணி நேரம் தாங்கும். ஆனால் முன்கை போன்ற தசை மிகுந்த பகுதி துண்டானால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு இத்துறையில் நாடறிந்த இடம். எல்லா விரலையும் ஒட்டவைப்பதுதான் நல்ல சிகிச்சை என்றும் நினைக்கவேண்டாம். கட்டைவிரலுக்கும், பல விரல்கள் ஒன்றாகத் துண்டாகும்போதும் முயற்சி மிக அவசியம். முற்றிலும் நசுங்கிய ஒற்றை விரலை ஒட்டினால் மடங்காத, வலிக்கிற விரலே மிஞ்சலாம். அந்த முடிவில் உங்கள் தொழிலுக்கு எந்தப் பிடி தேவை என்பதையும் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்நீர் இருபது நிமிடம். இதற்கு ஈடான முதலுதவி வேறில்லை. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஐஸ், பேனா மை, டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துச் செல்லவேண்டும். பெரிய தீக்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நெடுங்காலமாக இயங்கிவருகிறது.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் மருத்துவமனைக்கு ஓடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை கழுவுவது. இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது அரைமணி நேரம் தண்ணீர் ஓடவேண்டும். அமிலத்தைவிடச் சுண்ணாம்பும், சிமென்ட் பாலும், காஸ்டிக் சோடாவும் ஆபத்தானவை. ஏனெனில் காரம் கண்ணின் உள்ளடுக்குகளுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். கிரைண்டிங் செய்யும்போது கண்ணில் ஏதோ பட்டது என்று ஒருவர் சொன்னால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கண்ணைக் கசக்காமல், அழுத்தாமல், ஒரு பேப்பர் கப்பால் மூடி எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ அனுப்பவேண்டும். வேகமாகப் பறந்த இரும்புத்துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். வெல்டிங் ஒளி பட்டு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்துவது வேறு. அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே ஆறும். மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை மட்டும் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, அது கருவிழியைக் கெடுக்கும்.

கத்திரி வெயிலில் கட்டடத்திலோ, பாய்லர் அருகிலோ ஒருவர் உளறத் தொடங்கினால், நடை தள்ளாடினால், மயங்கினால், அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். உழைக்கும்போது வரும் வெப்பவாதத்தில் வியர்வை இருக்கவே செய்யும். முதலில் குளிரவைப்பது, பிறகு எடுத்துச் செல்வது என்பதே சான்று காட்டும் வரிசை. பெரிய டிரம்மில் ஐஸ் தண்ணீர் இருந்தால் தலை மூழ்காமல் கழுத்துவரை உட்காரவைப்பது மிகச் சிறந்தது. இல்லாவிட்டால் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஐஸ் துணிகளைப் போர்த்தவேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாவது குறைவு என்பதால் வெறும் மின்விசிறி போதாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிரூட்டலை நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனை ஊழியரோ தூய்மைப் பணியாளரோ பயன்படுத்திய ஊசியால் குத்துப்பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்; காயத்தைப் பிதுக்கக்கூடாது. எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசியால் குத்துப்பட்டால்கூடத் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதமே, தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும். ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பலமடங்கு அதிகம் என்பதால், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் அன்றே பார்க்கவேண்டும். 1097 என்ற தேசிய உதவி எண்ணில் தகவல் கிடைக்கும்.

காயம் என்றாலே டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, என்ற வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. முழுத் தவணையும் போட்டவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தால் மட்டுமே, அழுக்கான அல்லது ஆழமான காயமென்றால் ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தால் மட்டுமே மறு ஊசி தேவை. ஊசியைவிட முக்கியம், காயத்தை ஏராளமான தண்ணீரால் கழுவுவது.

எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு நாடுவோர் நகரில் இன்னும் பலர். அந்த நம்பிக்கையைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆனால் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், மூட்டுக்குள் முறிவு இருந்தாலும், விரல் நுனி மரத்துப்போய் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ தாமதமின்றி எலும்பு அறுவை மருத்துவரிடம் போகவேண்டும். உள்ளே அழுத்தம் ஏறித் தசை சாவதற்குச் சில மணி நேரமே போதும்.

இரண்டாம் படி: வேலையைப் பதிவில் ஏற்றுதல்

அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்கி வையுங்கள். அதில் "வலது கை விரலில் நசுங்கல் காயம்" என்று மட்டும் இருந்தால் போதாது. "காலை 10.20 மணிக்கு, ஆலையில், பவர் பிரஸ்ஸில் தகடு வைக்கும்போது மேற்பகுதி இறங்கி, வலது ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் நசுங்கியது, வலக்கைப் பழக்கமுள்ளவர்" என்று இருந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு மருத்துவருக்கும், பிறகு மருத்துவ வாரியத்துக்கும் அதுவே அடிப்படை. "வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சில இடங்களில் கூட வருபவர்கள் சொல்வதுண்டு. அந்த ஒரு வரி, காயம்பட்டவரின் உரிமையைப் பறிப்பதோடு நிற்பதில்லை. காயத்தின் விசை என்ன, எந்த எண்ணெயும் ரசாயனமும் உள்ளே போயிருக்கும் என்ற மருத்துவத் தகவலையும் அழித்துவிடுகிறது. உயர்அழுத்தத்தில் பீய்ச்சும் பெயின்ட் துப்பாக்கியோ கிரீஸ் துப்பாக்கியோ விரலில் போட்ட ஊசிமுனை அளவு துளை, பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்; எதனால் வந்தது என்று சொன்னால்தான் அது அன்றே திறந்து கழுவவேண்டிய அவசரநிலை என்பது மருத்துவருக்குப் புரியும்.

மூன்றாம் படி: முதுகுவலி

வேலை தொடர்பான வலிகளில் அதிகம் பேரைப் படுக்கவைப்பதும், தேவையற்ற சிகிச்சை அதிகம் நடப்பதும் இதில்தான். முதலில் ஆபத்தான அறிகுறிகளை விலக்கவேண்டும்: சிறுநீர் போகாமல் அடைத்தல் அல்லது அடக்கமுடியாமை, தொடைகளுக்கு நடுவே மரத்தல், இரு கால்களும் பலமிழத்தல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, புற்றுநோய் வரலாறு, உயரத்திலிருந்து விழுந்தது. முதல் மூன்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனை. எதுவுமே இல்லையென்றால், முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ தேவையில்லை என்பதில் உலக நெறிமுறைகள் ஒத்துப்போகின்றன.

ஏன் என்று கேட்பது நியாயம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான அறிக்கை, இருபது வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கியிருப்பதைக் காட்டியது. ஆகவே "ஜவ்வு விலகியிருக்கிறது" என்ற ஸ்கேன் வரி, உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று நிரூபிப்பதில்லை. அந்த வரியைப் படித்த பயத்தில் குனியவும் அஞ்சி, வேலையை விட்டு, தசை மெலிந்து, வலி நிரந்தரமாகிப்போனவர்கள் ஏராளம்.

படுத்த படுக்கையாக ஓய்வெடுப்பதும் மருந்தல்ல. ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் செய்து 1995இல் வெளியான ஆய்வில், இரண்டு நாள் படுக்கை ஓய்வு எடுத்தவர்களைவிட, வலி அனுமதிக்கும் அளவில் வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் குணமானார்கள். திடீர் முதுகுவலிக்குப் பாராசிட்டமால், ஆய்வுக்காகத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலல்ல என்பதை 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வும், அபின் வகை வலிநிவாரணிகளும் அப்படியே என்பதை 2023இல் சிட்னி ஆய்வும் காட்டின. அபின் வகையைச் சேர்ந்த டிரமடால் ஊசியைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் பழக்கத்தை இதனால்தான் கைவிடச் சொல்கிறேன். வெந்நீர் ஒத்தடம், நடமாட்டம், தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரை ஆகியவை ஏற்கத்தக்கவை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த மாத்திரைகளைத் தாமாக எடுக்கக்கூடாது. இடுப்பு பெல்ட் முதுகுவலியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வலி மூன்று மாதம் தாண்டினால் படிப்படியான உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய தெளிவான விளக்கமும், பயத்தையும் மன அழுத்தத்தையும் கவனிக்கும் ஆலோசனையும் சேர்ந்த சிகிச்சைதான் பலன் தரும்.

இரவில் கைவிரல்கள் மரத்து விழிப்பு வருவது பல நேரம் மணிக்கட்டு நரம்பு அழுந்துவதன் அடையாளம். அதிரும் கருவி பிடிப்பவர்களுக்கும், ஒரே கையசைவை விசையுடன் நாள்முழுதும் செய்பவர்களுக்கும் இது வரும். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் கட்டுவதிலிருந்து தொடங்கலாம். கட்டைவிரல் அடிச்சதை மெலியத் தொடங்கினால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களின் கால்வலிக்கு மருந்தைவிட நாற்காலியே சிகிச்சை. 2021இல் தமிழ்நாடு செய்த சட்டத்திருத்தம் கடைகளில் இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நான்காம் படி: மெல்ல வரும் நோய்கள்

வாகன பெயின்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இருமலும் இளைப்பும் வந்தால், சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ஸ்பிரே பெயின்டை இறுகவைக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இதைக் கண்டறிய விலையுயர்ந்த சோதனை வேண்டாம். ஊதி அளக்கும் சிறு பீக் ஃப்ளோ கருவியை வாங்கி, தினமும் குறைந்தது நான்கு முறை, வேலைநாளும் விடுமுறையும் கலந்த சில வாரங்களுக்கு ஊதி, மூன்று முயற்சிகளில் உயர்ந்ததை நேரத்தோடு நோட்டில் எழுதவேண்டும். வேலைநாட்களில் எண் இறங்கி, விடுமுறையிலும் ஊருக்குப் போன நாட்களிலும் ஏறினால், அந்த நோட்டே வலுவான சான்று. இன்ஹேலர் மட்டும் கொடுத்து அதே பெயின்ட் பூத்துக்குத் திருப்பி அனுப்புவது சிகிச்சையாகாது. சீக்கிரம் விலகியவர்களுக்கே நன்றாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

கிரானைட், குவார்ட்ஸ் பலகை அறுப்பவர்களுக்கும் மணல் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்பவர்களுக்கும் கல்தூசி நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தது இந்நோயின் கொடுமையைக் கண்டுதான். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து அதிகம். ஆகவே இருமலுக்குச் சளிப்பரிசோதனை கட்டாயம். மறுபுறம், மார்பு எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்ததும் வேலையைக் கேட்காமல் காசநோய் என்று முடிவுசெய்து மருந்து தொடங்குவதும் நடக்கிறது. புகைப்பதை நிறுத்துவதும் தூசியிலிருந்து விலகுவதும் மட்டுமே மிஞ்சிய நுரையீரலைக் காக்கும்.

இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாகத் தெரியும். பேச்சு கேட்பதால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்கும் முன் ஓரிரவாவது சத்தத்திலிருந்து விலகியிருக்கவேண்டும். மருந்து இல்லை, மிச்சத்தைக் காப்பதுதான் வழி. சிமென்ட் வேலை செய்பவர்களின் கை வெடிப்புக்குக் காரத்தன்மையோடு குரோமிய ஒவ்வாமையும் காரணமாகலாம், தோலில் பொருளை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் அதைக் காட்டும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையை மறைத்துப் பரப்பிவிடும் என்பதால் அதைத் தொடவேண்டாம்.

ஐந்தாம் படி: வேலைக்குத் திரும்புதல்

"மூன்று வாரம் ஓய்வு" என்ற ஒரு வரிச் சான்றிதழ் யாருக்கும் உதவுவதில்லை. மருத்துவரிடம் இப்படி எழுதித்தரக் கேளுங்கள்: "10 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது; தோளுக்கு மேலே கை உயர்த்தும் வேலை வேண்டாம்; அரைமணிக்கு ஒருமுறை நிலை மாற்றலாம்; இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை." எண்ணும் காலமும் குறிப்பிட்ட இந்த வகைச் சான்றிதழைக் கொண்டு சூப்பர்வைசர் ஒரு லைட் வேலையைத் தரமுடியும். முதுகு, தோள், கை வலிகளில், தகுந்தபடி மாற்றிய வேலையோடு சீக்கிரம் திரும்புவதும், முதல் சில நாட்களிலேயே நிர்வாகம் அக்கறையோடு பேசுவதும் நீண்டகால முடக்கத்தைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் லைட் வேலை என்ற பெயரில் பழைய வேலையையே தருவதும், கான்ட்ராக்ட் ஆளென்றால் "குணமானபின் வா" என்று சொல்லிவிட்டு வேறொருவரை எடுத்துக்கொள்வதும் அநியாயம்; அப்படிச் செய்யும் இடத்தில் எந்த நெறிமுறையும் வேலை செய்யாது.

வலி பூச்சியமானபின்தான் திரும்பவேண்டும் என்ற எண்ணத்தையும் விடவேண்டும். வேலை செய்யும்போது சற்று வலி கூடி, இரவு ஓய்வில் பழைய அளவுக்கு இறங்கினால் அது கேடல்ல. மறுநாள் காலையிலும் கூடியே இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

ஆறாம் படி: செலவும் உரிமையும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை பெறுவோருக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, உண்டு, தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். வேலைவிபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. விபத்து நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போகமுடியாத நிலை இருந்தால், குணமாகும்வரை சராசரி ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் பணப்பயனாகக் கிடைக்கும். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். நிறுவனம் படிவம் 12இல் விபத்தைத் தெரிவித்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். உயிர் போகும் அவசரத்தில் கே.கே. நகர், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளைத் தேடிக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகலாம். பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பத்திரமாக இருக்கட்டும். நிரந்தரக் குறைபாடு எஞ்சினால் மருத்துவ வாரியம் எத்தனை சதவீதம் என்று தீர்மானிக்கும். சிகிச்சை முடிந்து காயம் நிலைபெற்ற பிறகு அங்கே போவதும், ஏ.ஆர். காப்பி முதல் கடைசி எக்ஸ்ரே வரை தேதிவரிசையில் அடுக்கி எடுத்துச்செல்வதும் நல்லது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலாளியிடமிருந்து இழப்பீடு பெறும் உரிமை 1923ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் கோரவேண்டும். கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியப் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கவேண்டும். செவித்திறன் குறைவு, சிலிக்கோசிஸ் போன்றவை வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் என்பதால், எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய சம்பளச் சீட்டுகளோடும் ஆலையில் எடுத்த எக்ஸ்ரே, ஆடியோகிராம் நகல்களோடும் வீட்டில் வைத்திருங்கள். புதிய மருத்துவர் ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.